கல்யாண மண்டபத்தில் விரித்த பக்கங்கள்

காணைக்குப் பக்கத்து ஊரிலிருந்து ஒரு பெண்மணி எங்கள் அலுவலகத்துக்கு மூன்று முறை வந்தார். மூன்றாம் முறை வந்தபோது கையில் ஒரு பிளாஸ்டிக் உறை இருந்தது. அதிலிருந்து மகளுடைய பள்ளி அடையாள அட்டை, பஸ் பாஸ், இடைப்பருவத் தேர்வு மதிப்பெண் தாள் மூன்றையும் எடுத்து என் மேசைமேல் வரிசையாக வைத்தார். அடையாள அட்டையில் மகளின் பெயருக்கு முன்னால் ‘கே’ இருந்தது. பஸ் பாஸிலும் ‘கே’. மதிப்பெண் தாளில் மட்டும் ‘எம்’.

“மொதல்ல கார்டுல மாறிச்சு. அப்பறம் வந்து சொன்னதும் பாஸுல மாறிச்சு. இதுல இன்னும் பழசே வந்துக்கினு இருக்கு சார். ஒரு எழுத்துதானேங்க. அதுக்கு எத்தினி வாட்டி நான் பஸ் ஏறி வர்றது?”

‘எம்’ என்பது அவர் கணவருடைய பெயரின் முதல் எழுத்து. மகளுக்கு மூன்று வயதானபோது வீட்டை விட்டுப் போனவர் திரும்பி வரவில்லை. ஒன்பதாம் வகுப்புக்கு வந்த மகள், இனி அம்மாவின் எழுத்துதான் தனக்கு இனிஷியலாக இருக்க வேண்டும் என்று சொல்லிவிட்டாள். தலைமையாசிரியை மறுபேச்சில்லாமல் விண்ணப்பத்தை வாங்கிக்கொண்டு, பள்ளியின் பெரிய பதிவேட்டில் சிவப்பு மையால் திருத்திக் கையெழுத்தும் போட்டுவிட்டார். பதிவேட்டில் ஒரு நிமிடத்தில் முடிந்த வேலை அது. முடியாமல் கிடந்தது கணினியில். அந்தக் கணினிக்குள் ஓடிய மென்பொருளை எழுதியவன் நான்.

தாளை வாங்கிக்கொண்டு ஒரு வாரத்தில் சரிசெய்து தருவதாகச் சொன்னேன். அவர் என்னை நம்பியதாகத் தெரியவில்லை. முண்டியம்பாக்கம் ஆஸ்பத்திரியில் இரண்டு மணிக்கு டூட்டி என்று சொல்லிவிட்டு, மற்ற இரண்டு அட்டைகளையும் உறைக்குள் வைத்துக்கொண்டு படியிறங்கிப் போனார்.

எங்கள் அலுவலகம் விழுப்புரத்தில் பழைய பஸ் நிலையத்திலிருந்து நடக்கிற தூரத்தில் ஒரு கல்யாண மண்டபத்தின் மாடியில் இருந்தது. முகூர்த்த நாள்களில் கீழே கொட்டுகிற மேளத்தில் மேசைமேல் தண்ணீர் பாட்டில் அதிரும். மொத்தம் ஆறு பேர் வேலை செய்தோம். திண்டிவனத்திலிருந்து விழுப்புரம் வரைக்கும், அந்தப் பக்கம் செஞ்சி வரைக்கும், இருபது பள்ளிக்கூடங்கள் எங்கள் மென்பொருளை வைத்திருந்தன. சேர்க்கை, வருகைப் பதிவு, தேர்வு, விடுதி, பேருந்து, மாற்றுச் சான்றிதழ் என்று ஒரு பள்ளியில் நடக்கிற எல்லாவற்றையும் பிரவுசரிலேயே பார்க்கலாம்.

அதில் எனக்குப் பெருமை உண்டு. நான் கணினியை முதலில் பார்த்தது தொண்ணூற்று மூன்றில், திண்டிவனத்தில் ஒரு டைப்ரைட்டிங் இன்ஸ்டிட்யூட்டில். செருப்பைக் கழற்றி வைத்துவிட்டுத்தான் அந்த அறைக்குள் போக வேண்டும். பயிற்றுநர் கணினியை மூடியிருந்த துணியை விலக்கிவிட்டு ஏதோ நாலு வரி அடித்தார். என் பெயர் திரையில் மேலிருந்து கீழாக நிறைந்து வழிந்தது. அன்றைக்கு வீட்டுக்கு நடந்து போனதே எனக்கு நினைவில்லை. அப்பா மாதா கோயிலில் உபதேசியார். அவரிடம் இதைச் சொல்ல முயன்று, சொல்லத் தெரியாமல் விட்டுவிட்டேன். அப்படித் தொடங்கியவன், ஆறேழு வருஷம் தனியாளாக உட்கார்ந்து ஒரு பள்ளிக்கூடத்தையே திரைக்குள் கொண்டுவந்துவிட்டதாக நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த ஓர் எழுத்து ஏன் மாறவில்லை என்று சொன்னால்தான் நான் செய்திருந்த காரியம் புரியும். மாணவர்களின் இனிஷியலை நான் எங்குமே தனியாகக் கேட்டு வாங்கவில்லை. அப்பா பெயரின் முதல் எழுத்தை எடுத்து மாணவர் பெயருக்கு முன்னால் ஒட்டிவிட வேண்டியது என்று எழுதியிருந்தேன். அதை ஒரே இடத்தில் எழுதியிருந்தாலாவது பரவாயில்லை. புதிதாக ஒரு பக்கம் வேண்டும் என்று பள்ளியில் கேட்டால், பழைய பக்கம் ஒன்றை அப்படியே நகல் எடுத்து, வேண்டியதை மாற்றி, வேண்டாததை அழித்துக் கொடுத்துவிடுவேன். வேலை ஜல்தியாக முடியும். ஒவ்வொரு நகலோடும் அந்த ஒட்டுகிற வேலையும் கூடவே போயிற்று. அடையாள அட்டை தானாக ஒட்டிக்கொள்ளும், பஸ் பாஸ் தானாக ஒட்டிக்கொள்ளும், மதிப்பெண் தாள் தானாக ஒட்டிக்கொள்ளும். ஒன்றுக்கு மற்றது தெரியாது.

அந்தப் பெண்மணி முதல் முறை வந்தபோது நான் செய்தது இன்னும் வெட்கமான காரியம். அடையாள அட்டைப் பக்கத்தில், ‘இந்த எண்ணுள்ள மாணவியாக இருந்தால் மட்டும் அம்மாவின் எழுத்தைப் போடு’ என்று ஒரு வரி சேர்த்தேன். இரண்டாம் முறை பஸ் பாஸில் அதே வரி. மூன்றாம் முறை மதிப்பெண் தாளில் அதையே சேர்த்துக்கொண்டிருந்தபோதுதான் பின்னாலிருந்து ஒரு குரல் கேட்டது.

“சார், இந்த ஒரு பொண்ணுக்காக எத்தினி எடத்துல கை வெச்சிருக்கீங்க?”

கேட்டவர் எங்கள் அலுவலகத்தில் சேர்ந்து இரண்டு மாதமே ஆகியிருந்தது. கோட்டக்குப்பத்துக்காரர். புதுச்சேரியில் படித்து, சென்னையில் இரண்டு வருஷம் வேலை பார்த்து, கல்யாணத்துக்குப் பிறகு ஆறு வருஷம் வீட்டிலிருந்தவர். கணவர் வளைகுடா நாடு ஒன்றில் ஒரு கிடங்கில் வேலை. மகன் பள்ளிக்கூடம் போகிற நேரத்தில் இணையத்தில் பார்த்துப் பார்த்துப் புதிது புதிதாக வந்ததையெல்லாம் வீட்டிலிருந்தே கற்றுக்கொண்டதாக நேர்முகத்தில் சொல்லியிருந்தார். நான் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. தினம் இரண்டு பஸ் மாறி வருகிறவருக்கு எழுத்துப்பிழை திருத்துவது, பொத்தான் நிறம் மாற்றுவது மாதிரி வேலைகளாகக் கொடுத்துவைத்திருந்தேன்.

மூன்று இடம் என்றேன். பெயர் மொத்தம் எத்தனை பக்கத்தில் வருகிறது என்று கேட்டார். எனக்குத் தெரியவில்லை. என் கையால் எழுதியதுதான், ஆனாலும் தெரியவில்லை.

மறுநாள் காலை அவர் எங்கள் நிறுவனத்தை நடத்துகிறவரிடம் ஒரு விஷயம் கேட்டார். நம் மென்பொருளில் இருக்கிற எல்லாப் பக்கங்களையும் தாளில் அச்செடுத்துப் பார்க்க வேண்டும், அதற்கு ஓர் இடம் வேண்டும். அப்போது ஆடி மாதம். கீழே மண்டபம் காலியாகக் கிடந்தது. நிறுவனத்தை நடத்துகிறவருக்கும் மண்டப மேனேஜருக்கும் நல்ல பழக்கம். மூன்று நாளைக்கு மண்டபத்தைத் திறந்து கொடுத்தார்கள்.

இருநூறுக்கு மேல் தாள்கள் வந்தன. சாப்பாட்டுக் கூடத்தில் மேசைகளை ஓரமாகத் தள்ளியிருந்தார்கள். அங்கே பாதி, மணமேடைக்கு முன்னால் நாற்காலி போடுகிற இடத்தில் பாதி என்று தரையில் வரிசையாகப் பரப்பினோம். ஆடிக் காற்று ஜன்னல் வழியாக வந்து முதல் வரிசையை வாரிக்கொண்டு போனது. மேனேஜர் சிரித்துக்கொண்டே ஸ்டோர் ரூமைத் திறந்து, பந்தியில் வைக்கிற எவர்சில்வர் டம்ளர்களைக் கூடை கூடையாக எடுத்துக் கொடுத்தார். ஒரு தாளுக்கு ஒரு டம்ளர் வைத்தோம். பார்த்தால் இருநூறு பேருக்கு இலை போட்டுத் தண்ணீர் வைத்த மாதிரி இருந்தது.

கோட்டக்குப்பத்துக்காரர் நிறநிறமாகப் பேனாக்கள் வாங்கி வந்திருந்தார். மாணவர் பெயர் வருகிற இடத்தில் சிவப்பு வட்டம். தேதி வருகிற இடத்தில் நீலம். புகைப்படம் வருகிற பெட்டிக்குப் பச்சை. வகுப்பையும் பிரிவையும் தேர்ந்தெடுக்கிற இடத்துக்கு ஊதா. செருப்பில்லாமல் தாள்களுக்கு நடுவே குனிந்து குனிந்து போய்க்கொண்டே இருந்தார். முதல் நாள் நான் மாடியிலேயே இருந்துவிட்டேன். இதெல்லாம் வேலையற்ற வேலை என்று மற்றவர்களிடம் சொன்னதாகக்கூட நினைவு. இரண்டாம் நாள் மதியம், தேதி வருகிற பக்கம் ஒன்றில் சந்தேகம் என்று கூப்பிட்டார். இறங்கிப் போனேன்.

போனவன் மணமேடைமேல் ஏறி நின்று பார்த்தேன். மண்டபத் தரை முழுக்கச் சிவப்பு வட்டங்கள். எண்ணிப் பார்த்து வைத்திருந்தார், நூற்றுப் பன்னிரண்டு. நூற்றுப் பன்னிரண்டு தடவை ஒரே காரியத்தை நான் எழுதியிருக்கிறேன். கிட்டே போய்ப் பார்த்தால் ஒவ்வொன்றும் கொஞ்சம் கொஞ்சம் வேறாக இருந்தது. ஓரிடத்தில் இனிஷியலுக்குப் பிறகு புள்ளி இருக்கும், ஓரிடத்தில் இருக்காது. ஓரிடத்தில் பெயர் நீளமாக இருந்தால் பாதியில் வெட்டிவிட்டிருப்பேன். விடுதிப் பக்கத்தில் இனிஷியலே இல்லை. என்னுடைய அவசரமெல்லாம் அங்கே தரையில் தேதிவாரியாகக் கிடந்தது போல இருந்தது.

ஆனால் அன்று எனக்கு அதிகமாக வந்தது அவமானமில்லை. அவர் ஒரு நோட்டுப் புத்தகத்தை என்னிடம் நீட்டினார். அதில் இருபத்தேழு வரிகள் இருந்தன. பெயர், தேதி, புகைப்படம், வகுப்பு தேர்வு, மதிப்பெண் கட்டம், தேடுகிற பெட்டி, அச்சடிக்கிற பொத்தான் என்று போனது அந்தப் பட்டியல்.

“இவ்ளோதான் சார் மொத்தமும். இருபத்தேழு. மீதி எல்லாம் இதையே மாத்தி மாத்தி வெச்சதுதான்.”

நான் நோட்டைப் பார்த்தேன், தரையைப் பார்த்தேன். புகைப்படமும் பெயரும் வகுப்பும் சேர்ந்தால் ஒரு மாணவர் சீட்டு. நாற்பது சீட்டுகள் சேர்ந்தால் ஒரு வகுப்பு. அதே சீட்டின் பக்கத்தில் ஒரு டிக் பெட்டியை வைத்தால் வருகைப் பதிவு. டிக் பெட்டிக்குப் பதிலாக மதிப்பெண் கட்டத்தை வைத்தால் தேர்வு. பேருந்து நிறுத்தத்தின் பெயரை வைத்தால் பஸ் பட்டியல். இருபது பள்ளிகளும் பல ஆயிரம் பிள்ளைகளும் அத்தனை வருஷ வேலையும் கைக்கடக்கமான ஒரு நோட்டின் ஒரு பக்கத்தில் இருந்தன. இவ்வளவு பெரியது இவ்வளவு சிறியவற்றால் ஆகியிருக்கிறது என்பதை, அதைக் கட்டிய நானே அதுவரை பார்த்ததில்லை. வெறுமனே ஒரு வரிசை முழுக்க நடந்து பார்த்தேன்.

அவர் சொன்ன வழி இதுதான். இந்த இருபத்தேழையும் ஒவ்வொன்றாகத் தனித்தனித் துண்டாக ஒரே ஒரு தடவை எழுத வேண்டும். ‘காம்பொனென்ட்’ என்று அவர் சொல்வார்; அலுவலகத்தில் நாங்கள் எல்லாரும் துண்டு என்றே சொல்லப் பழகிவிட்டோம். எந்தப் பக்கத்துக்குப் பெயர் வேண்டுமோ அந்தப் பக்கம் பெயர்த் துண்டைக் கூப்பிட்டுக்கொள்ள வேண்டும். தானாக ஒன்றும் செய்யக் கூடாது. பக்கங்களை முதலில் கட்டாமல், துண்டுகளை முதலில் கட்டி, துண்டுகளால் பக்கங்களைக் கட்ட வேண்டும்.

எனக்குப் பிரமிப்பு வந்ததே தவிர, ஒப்புக்கொள்ள மனம் வரவில்லை. ஓடிக்கொண்டிருப்பதை எதற்குப் பிரிக்க வேண்டும் என்று வாதாடினேன். நிறுவனத்தை நடத்துகிறவர் மண்டகப்பட்டுக்காரர். டம்ளர்களுக்கு நடுவே நின்று எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துச் சொன்னார்: “நீ எங்க ஊரு குகைக் கோயில் மாதிரி பண்ணி வெச்சிருக்கே. மொத்தமும் ஒரே பாறை. பாக்க நல்லாதான் இருக்கு. ஆனா ஒரு தூணை மட்டும் கழட்டி மாட்ட முடியாது இல்ல?”

அவர் அதைப் பாராட்டாகச் சொன்னாரா என்று இன்றைக்கும் எனக்குத் தெரியாது. அன்றைக்கே வேலை முடிவாகிவிட்டது. துண்டுகளைக் கோட்டக்குப்பத்துக்காரர் எழுதுவார், பக்கங்களை நான் மாற்றுவேன். யார் யாருக்குக் கீழே என்ற பேச்சை எடுக்காமல் விட்டார்கள்.

முதலில் பெயர்த் துண்டு. அரை நாள் வேலை என்று நினைத்தேன். மூன்று வாரம் ஆனது. எழுதுவதற்கு முன் அவர் எங்கள் எல்லாரையும் பெயரை எப்படி எழுதுவோம் என்று கேட்டார். ஆறு பேருக்கும் ஆறு விதமாக இருந்தது. எனக்கு ஞானஸ்நானப் பெயர் ஒன்று, கூப்பிடுகிற பெயர் ஒன்று. இரண்டும் சான்றிதழில் இருக்கும். கணக்கு பார்க்கிற பெண்ணுக்கு அப்பா எழுத்தும் ஊர் எழுத்துமாக இரண்டு இனிஷியல். வடிவமைப்பு செய்கிறவருக்கு இனிஷியல் பெயருக்குப் பின்னால். கடைசியாகக் கோட்டக்குப்பத்துக்காரர் தன் வீட்டுக் கதையைச் சொன்னார். அவர் கணவர் பாஸ்போர்ட் எடுத்தபோது, குடும்பப் பெயர் என்ற கட்டத்தில் வேறு வழியில்லாமல் அப்பாவின் பெயரைப் போட்டார்களாம்.

“அங்க வேலை செய்யற எடத்துல எல்லாரும் எங்க வூட்டுக்காரரை எங்க மாமனார் பேரைச் சொல்லித்தான் கூப்பிடுறாங்க. எட்டு வருஷமா. எவனோ ஒருத்தன் ஒரு பெட்டியைத் தப்பா வெச்சிருக்கான் சார்.”

எல்லாரும் சிரித்தோம். அவரும் சிரித்துவிட்டுத்தான் சொன்னார்: நம் துண்டு யாருடைய பெயரையும் ஊகிக்கக் கூடாது. இனிஷியல் என்ன, அது முன்னாலா பின்னாலா என்று கேட்டு வாங்க வேண்டும். இல்லை என்று சொன்னால் இல்லை என்றே வைத்துக்கொள்ள வேண்டும். ஏற்கனவே இருக்கிற பிள்ளைகளுக்கு அப்பா எழுத்தைப் போட்டு வைக்கலாம். ஆனால் அதைப் பள்ளி எழுத்தர் ஒரு தட்டலில் மாற்ற முடிய வேண்டும். இவ்வளவையும் உள்ளே வைத்துக்கொண்டு அந்தத் துண்டு வெளியே பார்க்க அவ்வளவு சின்னதாக இருந்தது. திரையில் ஒரு விரல் நீளம். அவ்வளவுதான்.

பொங்கல் முடிந்த பிறகு முதல் பள்ளிக்கூடத்தைப் புது முறைக்கு மாற்றினோம். அந்த மாணவி படிக்கிற பள்ளியையே முதலில் எடுத்தோம். ஒரு வாரம் என்று சொல்லி ஐந்து மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. எழுத்தரிடம் சொல்லி அவள் அம்மாவை வரச் சொன்னேன். நானும் நேரில் போனேன்; துண்டுகளை எழுதிய எங்கள் அலுவலகப் பெண்ணும் வந்தார்.

பள்ளி அலுவலக அறையில் எழுத்தர் மாணவியின் பக்கத்தைத் திறந்தார். இனிஷியல் பெட்டியில் இருந்த ‘எம்’மை அழித்துவிட்டு ‘கே’ என்று அடித்தார். சேமித்தார். பிறகு நான் ஒவ்வொரு பக்கமாகத் திறந்து அச்சடிக்கக் கொடுத்தேன். அடையாள அட்டை. பஸ் பாஸ். காலாண்டு, அரையாண்டு மதிப்பெண் தாள்கள். வருகைப் பட்டியல். நூலக அட்டை. ஆய்வக வரிசை. சுற்றுலாவுக்கான பெற்றோர் ஒப்புதல் தாள். இப்படியெல்லாம் பக்கங்கள் இருப்பதே எனக்கு மறந்துபோயிருந்தது. நான் எதையும் தொடவில்லை. பிரிண்டர் ஒவ்வொரு தாளாகத் தள்ளியது. எல்லாவற்றிலும் ‘கே’.

எங்களுக்கு இப்படித்தான் நடக்கும் என்று தெரியும். அலுவலகத்தில் இருபது தடவை சோதித்துப் பார்த்தாயிற்று. ஆனாலும் பிரிண்டருக்குப் பக்கத்தில் நின்றபோது எனக்கு உடம்பு சிலிர்த்தது. ஓரிடத்தில் சொன்ன சொல் பள்ளிக்கூடம் முழுக்கக் கேட்கிறது. யாரும் யாருக்கும் போய்ச் சொல்ல வேண்டியதில்லை. தொண்ணூற்று மூன்றில் என் பெயரைத் திரையில் பார்த்தபோதுகூட எனக்கு இப்படி இருந்ததில்லை.

அந்தப் பெண்மணி தாள்களை வாங்கி ஒவ்வொன்றாகப் பார்த்தார். பெயர் இருக்கிற இடத்தில் விரலை வைத்து அடுத்த தாளுக்குப் போனார். கடைசித் தாள் வரைக்கும் அப்படித்தான் பார்த்தார்.

“எல்லாத்துலயும் ஒரே தபா மாறிடுச்சா சார்?”

“ஆமாம்மா.”

“அப்ப இத்தினி நாளு ஏன் மாறல?”

அவர் சண்டைக்குக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளத்தான் கேட்டார். கம்ப்யூட்டர் அப்படித்தான், சர்வர் பிரச்சினை என்று எதையாவது சொல்லிவிடலாம். வழக்கமாக அப்படித்தான் சொல்வோம். எங்கள் பெண் என்னைப் பார்த்தார்.

“நான் தப்பா கட்டி வெச்சிருந்தேன்ம்மா. இவங்கதான் சரியா கட்டினாங்க.”

அவர் எங்கள் பெண்ணைத் திரும்பிப் பார்த்து, ஊர் எது என்று விசாரித்தார். கோட்டக்குப்பத்திலிருந்தா தினம் வர்றீங்க என்று ஆச்சரியப்பட்டார். பிறகு இருவரும் பஸ் நேரங்களைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார்கள். நான் பிரிண்டரில் தாள் தீர்ந்துவிட்டதா என்று பார்த்தேன்.

அந்த வருஷம் இன்னும் சில பிள்ளைகளின் எழுத்து மாறியதாக எழுத்தர் பிற்பாடு சொன்னார். எங்கேயோ பேச்சு பரவி, முடியும் என்று தெரிந்ததும் ஒருவர் பின் ஒருவராகக் கேட்டு வந்தார்களாம். இரண்டு எழுத்தும் வேண்டும் என்று கேட்டவர்கள் உண்டு. எழுத்தே வேண்டாம் என்றவர்கள் உண்டு. துண்டு எல்லாவற்றையும் வாங்கிக்கொண்டது.

அடுத்த ஜூன் மாதத்துக்குள் இருபது பள்ளிகளும் புது முறைக்கு வந்துவிட்டன. அதற்குப் பிறகுதான் நான் அந்தக் காரியத்தைச் செய்தேன்.

திண்டிவனத்துப் பள்ளி ஒன்றில், பஸ் பட்டியலில் மட்டும் இனிஷியலைப் பெயருக்குப் பின்னால் காட்ட முடியுமா என்று கேட்டார்கள். சின்ன வேலை. எங்கள் பெண் அன்று வர மதியமாகும் என்று சொல்லியிருந்தார். நானே பெயர்த் துண்டைத் திறந்து இரண்டு வரி மாற்றி, பஸ் பட்டியலை மட்டும் பார்த்துவிட்டு, காலை ஒன்பது மணி வாக்கில் எல்லாப் பள்ளிகளுக்கும் அனுப்பிவிட்டேன்.

ஒன்பதரைக்கு முதல் போன் வந்தது. பேசி முடிப்பதற்குள் இரண்டாவது. பிறகு அலுவலகத்தில் இருந்த எல்லா போனும். வருகைப் பதிவு எடுக்க ஆசிரியர்கள் திரையைத் திறந்தால், பிள்ளைகளின் பெயர்கள் இல்லை. புகைப்படம் இருக்கிறது, பக்கத்தில் ஓர் எழுத்து இருக்கிறது, பெயர் இல்லை. எம். எஸ். ஆர். கே. ஏ. இருபது பள்ளிகளில் எல்லா வகுப்பிலும் எல்லாப் பிள்ளைகளும் ஒற்றை எழுத்தாகிவிட்டார்கள். ஒரு தலைமையாசிரியர், பேரெல்லாம் அழிஞ்சிபோச்சா என்று கேட்டார். அழியவில்லை, காட்டத்தான் இல்லை என்று சொன்னேன். சொல்லும்போது எனக்கே அதில் நம்பிக்கை இல்லை.

வாழ்க்கையில் நான் அவ்வளவு பயந்தது கிடையாது. முன்பெல்லாம் நான் ஒரு தப்பு செய்தால் ஒரு பக்கம் கெடும். இப்போது ஒரு தப்பு எல்லாப் பக்கத்தையும் எல்லாப் பள்ளியையும் ஒரே நேரத்தில் தொட்டுவிட்டது. அந்தச் சின்னத் துண்டுக்கு இருந்த பலம் எனக்கு அன்றைக்குத்தான் முழுதாகப் புரிந்தது. கோப்பைத் திறக்கவே இரண்டு முறை தப்பாக அழுத்தினேன்.

எங்கள் பெண்ணுக்குப் போன் செய்தேன். அவர் பஸ்ஸில் இருந்தார். பின்னால் கண்டக்டர் குரல் கேட்டது. நான் சொன்னதைக் கேட்டுவிட்டு, நீங்க கடைசியா மாத்தின ரெண்டு வரியை எனக்குப் படிச்சிக் காட்டுங்க என்றார். படித்தேன். நிரலில் மாணவர் பெயரைக் குறிக்கிற சொல்லில் ஓர் எழுத்தை நான் விட்டிருந்தேன். அவர் திரையைப் பார்க்காமலே காதால் கேட்டுக் கண்டுபிடித்துவிட்டார். திருத்தினேன். அனுப்பினேன்.

“இப்ப ஒரு பக்கம் மட்டும் பாருங்க சார். ஒண்ணு வந்துட்டா எல்லாம் வந்துடும்.”

ஒரு பள்ளியின் ஆறாம் வகுப்பைத் திறந்தேன். பெயர்கள் இருந்தன. மேலிருந்து கீழே வரைக்கும் முழுசு முழுசாக இருந்தன. அடுத்த பள்ளியைத் திறக்க வேண்டியதில்லை என்று தெரிந்தும் இருபதையும் திறந்து பார்த்தேன். போன்கள் ஒவ்வொன்றாக நின்றன. போன் வரத் தொடங்கியதிலிருந்து கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது.

மதியம் அவர் வந்தபோது திட்டுவார் என்று எதிர்பார்த்தேன். டப்பாவைத் திறந்து சாப்பிட்டு முடித்துவிட்டு, ஒரு தாளில் பெயர்களை எழுதத் தொடங்கினார். நீளமான பெயர், ஒற்றைச் சொல் பெயர், இரண்டு இனிஷியல் பெயர், இனிஷியலே இல்லாத பெயர், நடுவில் புள்ளி வருகிற பெயர். எந்தத் துண்டைத் தொட்டாலும் இந்தப் பெயர்களை எல்லாம் அதற்குக் கொடுத்துச் சரியாக வருகிறதா என்று கணினியே பார்த்துவிட்டுத்தான் வெளியே விட வேண்டும் என்று ஏற்பாடு செய்தார். நாள்பட நாள்பட அந்தப் பட்டியல் நீண்டது. எங்காவது விசித்திரமான பெயரைக் கேட்டால் ஆறு பேரில் யாராவது ஒருவர் வந்து அதில் சேர்ப்போம்.

இரண்டு வருஷம் கழித்து அவர் கணவருக்குக் குடும்ப விசா கிடைத்தது. மகனை அழைத்துக்கொண்டு போக வேண்டும். போவதற்கு முந்திய மாதம் முழுக்க ஒவ்வொரு துண்டாக எனக்கு ஒப்படைத்தார். அதற்குள் இருபத்தேழு நாற்பதுக்கு மேல் ஆகியிருந்தது. அதே துண்டுகளை வைத்து ஒரு நர்சிங் கல்லூரிக்கும் ஒரு விடுதிக்கும் புதிதாகக் கட்டியிருந்தோம். பழைய முறையில் ஒரு வருஷம் பிடித்திருக்கும் வேலைகள் சில வாரங்களில் முடிந்தன. கடைசி நாள் எல்லாரும் மண்டப வாசல் வரைக்கும் இறங்கிப் போனோம். கீழே முகூர்த்தக் கூட்டம். சத்தத்தில் அவர் சொன்னது சரியாகக் கேட்கவில்லை. தேதித் துண்டைப் பற்றி ஏதோ சொன்னார். நான் தலையாட்டினேன். பேஜாரான வெயில். குடையை விரித்துக்கொண்டு பஸ் நிலையத்தைப் பார்த்து நடந்தார்.

அந்த வருஷம் நான் திண்டிவனத்தில் ஒரு பள்ளிக்குப் போக வேண்டி வந்தது. புது பிரிண்டர் ஒன்று எங்கள் மென்பொருளோடு ஒத்துப்போகவில்லை. அலுவலக அறை பூட்டியிருந்தது; எழுத்தர் இன்னும் வரவில்லை. வராந்தாவில் நின்றுகொண்டிருந்தேன். பக்கத்து வகுப்பில் ஆசிரியை மேசைமேல் லேப்டாப்பைத் திறந்து வைத்து வருகைப் பதிவு எடுத்தார். நான் நின்ற இடத்திலிருந்து ஜன்னல் வழியாகத் திரை தெரிந்தது. ஒவ்வொரு பெயராக வாசித்தார். ஒவ்வொரு பெயருக்கும் ஒரு பிள்ளை எழுந்து, ‘ப்ரெசென்ட் மிஸ்’ என்று சொல்லி உட்கார்ந்தது. சில குரல் கணீரென்று, சில குரல் தூக்கக் கலக்கத்தோடு. ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் அந்தத் துண்டு ஒரு தடவை இயங்கி முடிந்திருக்கிறது என்று எனக்குத் தெரியும். அந்தப் பிள்ளைகளுக்கோ ஆசிரியைக்கோ தெரியாது. தெரிய வேண்டியதும் இல்லை. அதே நேரத்தில் செஞ்சியில், காணைப் பக்கத்தில், விழுப்புரத்தில், எத்தனையோ வகுப்பறைகளில் இதே மாதிரி பெயர்கள் கூப்பிடப்பட்டுக்கொண்டிருந்தன.

எழுத்தர் வந்து சாவியோடு என் பின்னால் நின்றிருக்கிறார். நான் கவனிக்கவில்லை. பட்டியலில் கடைசிப் பிள்ளை எழுந்து உட்காரும் வரைக்கும் நான் அந்த ஜன்னலை விட்டு நகரவில்லை.